விளைகிற ஊரிலேயே நல்ல காய் கிடைக்கவில்லையா? ஒரு தெருவாகச் சேர்ந்து செய்யக்கூடியது

எங்கள் கிராமம் ஒட்டன்சத்திரம் பக்கம். கத்தரி, வெண்டை, முருங்கை, தக்காளி என்று வருஷம் முழுக்க ஏதாவது ஒன்று காய்த்துக்கொண்டேதான் இருக்கும். மூட்டைகளை ஏற்றிக்கொண்டு குட்டியானை வண்டிகள் மண்டிக்கு ஓடும், ஏலம் முடிந்ததும் லாரிகள் கேரளாவுக்குக் கிளம்பிவிடும். இதே ஊரில் நாள் முழுக்க வெண்டைக்காய் பறித்துவிட்டு, கையெல்லாம் சுணை அரிக்க வீடு திரும்புகிற ஓர் அக்கா, வழியில் தள்ளுவண்டியில் 20 ரூபாய்க்கு ஒரு கூறு வாங்குவார். அந்தக் கூறைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். முற்றிப்போய் நார் ஏறிய வெண்டை, புழு துளைத்த நாலு கத்தரி, ஒரு பக்கம் நசுங்கிய தக்காளி, அவ்வளவுதான். அவர் கையால் பறித்த பிஞ்சு வெண்டை அந்த நேரத்துக்கு எல்லை தாண்டிப் போய்க்கொண்டிருக்கும்.

இதில் யாரும் சதி செய்யவில்லை. வியாபாரம் முழுக்க மூட்டைக் கணக்கில் நடக்கிறது, தக்காளி என்றால் 14 கிலோ பெட்டிக் கணக்கில் நடக்கிறது, காட்டில், அதாவது விளைகிற தோட்டத்தில், போய் மூன்று கிலோ கேட்டால் பறித்துத் தர ஆளில்லை. அதனால் நம் தோட்டத்துக் காய் மண்டிக்குப் போய், கமிஷன் கொடுத்து, சில்லறைக் கடைக்காரர் வாங்கி, ஒரு நாள் வாடி, இரண்டு மடங்கு விலையில் நம் ஊருக்கே திரும்பி வருகிறது. காசு இருக்கிறவர்கள் அந்த விலையைக் கொடுத்து வாங்கிவிடுகிறார்கள். இல்லாதவர்கள் கூறு வாங்குகிறார்கள், அல்லது ரசமும் ஊறுகாயுமாக வாரத்தை ஓட்டுகிறார்கள்.

தோட்டத்துக்கும் நம் தெருவுக்கும் இடையில் இருக்கிற இந்தச் சிறு தூரத்தை நாமே கடந்துவிட முடியும். 30 குடும்பம், நாலைந்து சிறு விவசாயி, ஒரு தராசு, இரண்டு நோட்டு, இது போதும். எங்கள் தெருவில் செய்து பார்த்ததிலிருந்து சொல்கிறேன். பட்டணத்து வாரியக் குடியிருப்பாக இருந்தாலும் வழி பெரும்பாலும் இதேதான், காய் வருகிற தூரம் மட்டும் கூடும்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நாங்கள் இதில்தான் தவறினோம். தொடங்கியபோது மாதம் 600 ரூபாய் முன்பணம் என்று வைத்தோம். விவசாயிக்கு உறுதி கொடுக்க வேண்டுமே என்று நினைத்துத்தான் வைத்தோம். சேர்ந்தவர்கள் 11 குடும்பம், எல்லோரும் மாதச் சம்பளக்காரர்கள். கூலிக்குப் போகிற ஒரு வீடுகூட வரவில்லை. அவர்களுக்கு 600 ரூபாய் ஒரே நாளில் கையில் இருக்கவே இருக்காது, சனிக்கிழமை கூலி வந்தால் அன்றைக்குத்தான் பணம், திங்கட்கிழமை அது தீர்ந்துவிடும். யாருக்காக ஆரம்பித்தோமோ அவர்களை விட்டுவிட்டு, ஏற்கெனவே நல்ல காய் வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு இன்னும் மலிவாக வாங்கித் தருகிற வேலையாகிவிட்டது அது. மூன்று மாதத்தில் நிறுத்திவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தோம். அதனால் நாள், விலை, இடம், கடன் என்று எதை முடிவு செய்தாலும், ஊரிலேயே கையில் குறைவாகப் பணம் வைத்திருக்கிற வீட்டை மனதில் வைத்து முடிவு செய்யுங்கள். அந்த வீட்டுக்குச் சரிப்பட்டால் மற்ற எல்லோருக்கும் சரிப்படும்.

முதலில் வீடு வீடாக

படிவம் எதுவும் வேண்டாம். படிவத்தைக் கண்டால் ஏதோ அரசாங்கத் திட்டம், பணம் வரும் என்று நினைத்துக்கொள்வார்கள், அல்லது பயப்படுவார்கள். போய் உட்கார்ந்து பேசுங்கள். போன வாரம் என்ன குழம்பு வைத்தீர்கள், கீரை கடைசியாக எப்போது, காய் யாரிடம் வாங்குகிறீர்கள், கூலி எந்த நாளில் வருகிறது, மாலையில் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவீர்கள். இவ்வளவு தெரிந்தால் போதும், வீட்டுக்கு வந்தபிறகு நோட்டில் எழுதிக்கொள்ளலாம். பெண்களிடம் பேசுவதுதான் பயன். எங்கள் ஊரில் ஆண்களிடம் கேட்டபோது எல்லா வீட்டிலும் தினமும் கீரை ஆக்குவதாகச் சொன்னார்கள், அதே வீட்டுப் பெண்களிடம் கேட்டபோது பதினைந்து நாளைக்கு ஒருமுறைதான் என்றார்கள்.

எவ்வளவு காய் வேண்டும் என்பதற்கு ஓர் அளவுகோல் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு காயும் பழமுமாக 400 கிராம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு வாரம் 11 கிலோ வரும். அந்தக் கணக்கில் ஆரம்பிக்காதீர்கள், எந்தக் கூலி வீடும் ஒரே நாளில் அவ்வளவு வாங்காது, வைக்க குளிர்பெட்டியும் இருக்காது. வாரம் 4 கிலோ காய், மூன்று கட்டுக் கீரை என்று தொடங்குங்கள். 30 வீட்டுக்கு 120 கிலோ, ஒரு குட்டியானையில் மூலையில் அடங்கிவிடும்.

ரேஷனில் என்ன கிடைக்கிறது என்பதையும் இந்தப் பேச்சிலேயே தெரிந்துகொள்ளுங்கள். நம் மாநிலத்தில் அரிசி இலவசம், துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் 25 ரூபாய். வயிறு நிறைகிறது, அது பெரிய விஷயம், அதைக் குறைத்துப் பேச மாட்டேன். தட்டில் இல்லாதது காயும் கீரையும்தான். கார்டு இல்லாத வீடு, அளவு குறைகிற வீடு தெரியவந்தால் அதை முதலில் சரிசெய்யுங்கள், 1967 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். பருப்பு ஒழுங்காக வராத வீட்டில் போய்ச் சுரைக்காய் பற்றிப் பேசுவது சரியாக இருக்காது.

அப்புறம் உங்கள் தெருவில் ஏற்கெனவே கீரை விற்கிற அம்மா ஒருவர் இருப்பார். அவரை ஓரங்கட்டிவிட்டுச் செய்தால் அது நியாயமும் இல்லை, நிலைக்கவும் நிலைக்காது. அவருக்கு எந்த வீட்டில் யாருக்குச் சர்க்கரை, யார் வீட்டில் பிள்ளை கீரை தின்னாது என்பதுவரை தெரியும். கீரை முழுக்க அவர் மூலமாகவே போகட்டும், கட்டுக்கு இவ்வளவு என்று பேசிவிடுங்கள். எங்கள் குழுவில் கீரைக் கணக்கு முழுக்க அப்படி ஓர் அம்மாவிடம்தான் இருக்கிறது. டவுனாக இருந்தால் அவருக்குத் தெருவோர வியாபாரி சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள். 2014ஆம் வருஷச் சட்டப்படி அது அவருடைய உரிமை, நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீத இடம் வியாபாரிகளுக்கே. சான்றிதழ் கையில் இருந்தால் அவரை யாரும் நினைத்தபோது துரத்த முடியாது.

விவசாயியிடம் விலை பேசுவது

இதில் அவசரப்படக் கூடாது. பெரிய தோட்டக்காரரிடம் போகாதீர்கள், அவருக்கு 120 கிலோ ஒரு பொருட்டே அல்ல. அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருப்பவர்கள், குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைப்பவர்கள், இவர்களைத் தேடுங்கள். காய் பறிக்கிற நேரத்துக்குப் போங்கள், காலை ஆறு மணி. கூட ஒரு சாக்கு பறித்துக் கொடுத்துக்கொண்டே பேசினால் உண்மையான கணக்கு வெளியே வரும்.

கணக்கு எப்படி என்றால், வெண்டைக்காய் மண்டியில் கிலோ 20 ரூபாய்க்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். கமிஷன் பத்துக்கு ஒன்று என்றால் 2 ரூபாய் போயிற்று. வண்டி வாடகை, ஏற்றுக்கூலி, சாக்கு எல்லாம் சேர்ந்து இன்னொரு 2 ரூபாய். கையில் 16. அதே காய் கடையில் 40. இடையில் 24 ரூபாய் இருக்கிறது, அதில்தான் நாம் வேலை செய்யப்போகிறோம். நீங்கள் 24 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டு, வண்டிக்கும் கழிவுக்கும் 2 ரூபாய் சேர்த்து 26க்குக் கொடுத்தால், விவசாயிக்கு 8 ரூபாய் கூட, வாங்குகிற வீட்டுக்கு 14 ரூபாய் மிச்சம். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி இரண்டு பக்கத்துக்கும் காட்டுங்கள். மறைக்க எதுவும் இல்லை என்று தெரிந்தால் பேரம் பாதி குறைந்துவிடும்.

ஆனால் விலை ஏறி இறங்குமே? இங்கேதான் பல குழுக்கள் உடைகின்றன. தக்காளி கிலோ 100 ரூபாய்க்குப் போகிற மாதம் விவசாயி மண்டிக்குத்தான் கொண்டுபோவார், அவரைக் குறை சொல்ல முடியாது. பெட்டி 50 ரூபாய்க்குக் கேட்க ஆளில்லாமல் ரோட்டோரம் கொட்டுகிற மாதம் நம் ஆட்கள், வண்டியிலேயே மலிவாக வருகிறதே, இங்கே ஏன் வாங்க வேண்டும் என்பார்கள், அவர்களையும் குறை சொல்ல முடியாது. அதனால் ஒரு பட்டத்துக்கு, அதாவது ஒரு விதைப்புப் பருவத்துக்கு, விலை எல்லையை முன்கூட்டியே பேசுங்கள். வெண்டைக்கு கீழே 18, மேலே 30 என்று இரண்டு எல்லை. மண்டியில் 5 ரூபாய்க்குப் போனாலும் நாம் 18 கொடுப்போம், 60க்குப் போனாலும் அவர் நமக்கு 30க்குத் தருவார். இதற்கு எந்த விவசாயி ஒத்துக்கொள்வார் என்று கேட்கலாம். மொத்த விளைச்சலுக்கும் கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார். வாரம் 40 கிலோவுக்கு மட்டும், மிச்சம் எல்லாம் உங்கள் இஷ்டம்போல் மண்டிக்குக் கொண்டுபோங்கள் என்று சொன்னால் ஒத்துக்கொள்கிறார்கள். நாங்கள் பேசிய ஆறு பேரில் நாலு பேர் ஒத்துக்கொண்டார்கள். ஒருவர் கேட்டது இதுதான்: "விலை விழுந்த வாரம் வராம இருந்துட மாட்டீங்களே?" அந்த வாரம் போய் நின்று 18 ரூபாய் கொடுத்துப் பாருங்கள், அதற்கப்புறம் உங்கள் குழுவைப் பற்றி நீங்கள் பேசவே தேவையில்லை, அவரே பக்கத்துக் காட்டுக்காரரிடம் சொல்லிவிடுவார்.

விலையை எதை வைத்துத் தொடங்குவது என்று குழப்பம் இருந்தால் பக்கத்து உழவர் சந்தைப் பலகையைப் பாருங்கள். தினமும் காலையில் விலை எழுதிப் போடுவார்கள். மொத்த விலைக்கு மேலே சுமார் 20 சதவீதம், சில்லறை விலைக்குக் கீழே சுமார் 15 சதவீதம் என்கிற மாதிரிதான் அது நிர்ணயிக்கப்படுகிறது. நம் 26 ரூபாயும் அந்தப் பக்கத்தில்தான் நிற்கிறதா என்று ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

மருந்து பற்றி ஒரு வார்த்தை. இயற்கை விவசாயம்தான் வேண்டும் என்று ஆரம்பத்திலேயே பிடிவாதம் பிடிக்காதீர்கள். எனக்கும் அதில்தான் விருப்பம், ஆனால் இயற்கை என்று எழுதியவுடன் விலை இரண்டு மடங்கு ஆகிவிடுகிறது, கூலி வீடு வெளியே போய்விடுகிறது. முதல் வருஷம் ஒரே ஒரு நிபந்தனை போதும்: மருந்து அடித்தால் எந்த நாளில் என்ன அடித்தீர்கள் என்று சொல்லுங்கள், டப்பாவில் போட்டிருக்கிற இடைவெளி நாள் முடியாமல் எங்களுக்குப் பறிக்காதீர்கள். கத்தரிக்கு இதைக் கட்டாயம் கேளுங்கள், காய்ப்புழுவுக்காக அதிகம் மருந்து அடிக்கிற பயிர் அது. நிச்சயமாக வாங்க ஆள் இருக்கிறது, சொத்தைக் காய் ஒன்றிரண்டு இருந்தாலும் திட்ட மாட்டார்கள் என்று தெரிந்தால் விவசாயி தானாகவே மருந்தைக் குறைக்கிறார், கண்ணால் பார்த்தேன். பின்னால் 5 விவசாயிகள் சேர்ந்தால் பிஜிஎஸ் என்ற பங்கேற்பு உத்தரவாத முறையில் ஒருவருக்கொருவர் சோதித்துச் சான்று பெறலாம், பெரிய செலவு இல்லாத வழி அது.

எங்கே கொடுப்பது, யார் தொடுவது

இதை எழுதாமல் விட முடியாது. காய் கொடுக்கிற இடம் ஊர்த்தெருவில் ஒரு வீட்டுத் திண்ணையாக இருந்தால் தலித் மக்கள் இருக்கிற காலனியிலிருந்து யாரும் வர மாட்டார்கள், வந்தாலும் தள்ளி நிற்பார்கள். கோயில் வாசலும் அப்படித்தான். யாரும் யாரிடமும் அனுமதி கேட்காமல் வந்து நிற்கிற இடமாகப் பாருங்கள். எங்களுக்கு ரேஷன் கடைத் தாழ்வாரம் அமைந்தது, கடை மூடியபிறகு மாலையில். பஸ் நிறுத்தம், பள்ளிக்கூட மைதானம், அங்கன்வாடி முன்னாலும் சரிப்படும். எடை போடுகிறவர், பணம் வாங்குகிறவர் என்று இரண்டு பேர் தேவை என்றால் ஒருவர் காலனியிலிருந்து இருக்கட்டும், வாரம் வாரம் மாறி மாறிச் செய்யட்டும். எங்கள் ஊரில் முதல் இரண்டு மாதம் சில வீடுகள் இதற்காகவே வரவில்லை. நாங்கள் மாற்றவில்லை. அதில் மூன்று வீடு பிறகு வந்தது, இரண்டு வீடு இன்றுவரை வரவில்லை. வராதவர்களுக்காக இடத்தையோ ஆளையோ மாற்றினால் அப்புறம் இது எதற்கு?

சனிக்கிழமை மாலை

கூலி நாளில் வையுங்கள், கூலி வாங்கி வீடு திரும்புகிற நேரத்தில் வையுங்கள். எங்களுக்குச் சனிக்கிழமை ஐந்தரை மணி. கத்தரி, வெண்டை, சுரை, பீர்க்கு, அவரை எல்லாம் அன்று காலை பறித்தது, நிழலில் பரப்பி வைத்திருக்கும். கீரை மட்டும் நாலு மணிக்கு மேல்தான் பிடுங்க வேண்டும், முதல் வாரம் காலையிலேயே பிடுங்கிவைத்து மாலைக்குள் தொங்கிப்போய்விட்டது. இப்போது வேரோடு பிடுங்கி, வேர்ப்பக்கம் கீழே இருக்கும்படி ஈரச் சாக்கில் நிறுத்திக் கொண்டுவருகிறோம். சாக்கை விரித்ததும் சிறுகீரை வாசனையும் ஈர மண் வாசனையுமாக வரும், பிள்ளைகள்தான் முதலில் ஓடிவருவார்கள். ஒரு சின்னப் பையன் முள்ளங்கியை இலையோடு தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வீடுவரை வாள் வீசிக்கொண்டே போவான்.

தயாராகக் கட்டிய பை வேண்டாம். எல்லோருக்கும் ஒரே பை கொடுத்தால் பாதி வீட்டில் பூசணி அழுகும். 1 கிலோ, 2 கிலோ, 4 கிலோ என்று எவ்வளவு வேண்டுமோ எடுத்துக்கொள்ளட்டும், எதை வேண்டுமானாலும் கலந்து எடுக்கட்டும், நாட்டுக்காய் எல்லாவற்றுக்கும் கூடியவரை ஒரே விலை வைத்துவிட்டால் எடை போடுவது சுலபம். யார் எவ்வளவு எடுப்பார்கள் என்று வியாழக்கிழமையே கேட்டு நோட்டில் எழுதிவிடுங்கள், அந்தக் கணக்கு வெள்ளிக்கிழமை விவசாயிக்குப் போகும். வாட்ஸ்அப் இல்லாத வீட்டுக்கு நேரில் போய்க் கேட்க ஒருவர் வேண்டும், இதில் சோம்பல் வந்தால் முதலில் உதிர்வது அந்த வீடுகள்தான்.

தராசு முத்திரை போட்டதாக இருக்கட்டும், தொழிலாளர் துறை முத்திரை. எடையில் ஒரு சந்தேகம் வந்தால் ஒரு வருஷ உழைப்பு போய்விடும். எடை காட்டுகிற பக்கம் வாங்குகிறவரைப் பார்த்து இருக்கட்டும்.

கடன் கொடுங்கள். கடன் இல்லை என்று பலகை மாட்டினால் மழைக்காலத்தில் வேலையில்லாத வாரம் அவர்கள் வர மாட்டார்கள், காய் அதிகம் தேவைப்படுகிற வாரம் அதுதான். ஒரு வீட்டுக்கு இரண்டு வாரக் காய் அளவு வரை கடன், அது தீர்ந்தபிறகு அடுத்தது. விவசாயிக்கு அன்றைக்கே பணம் போய்விட வேண்டும், ஆகவே நடுவில் ஒரு சிறு கையிருப்பு தேவை. மகளிர் சுய உதவிக் குழு ஒன்று உங்கள் தெருவில் கட்டாயம் இருக்கும், அவர்களுடைய சேமிப்பிலிருந்து மூவாயிரமோ ஐயாயிரமோ சுழற்சிக்கு வாங்கிக்கொள்ளலாம். கணக்கெழுதிப் பழகியவர்களும் அவர்கள்தான், வேலையையே அவர்கள் கையில் கொடுத்துவிட்டாலும் நல்லது.

இன்னொன்று, முடிந்தவர்கள் கிலோவுக்கு 2 ரூபாய் கூடக் கொடுக்கட்டும். அந்தப் பணத்துக்குத் தனி டப்பா, அதிலிருந்து தனியாக இருக்கிற முதியவர்கள், மாசமாக இருக்கிற பெண்கள், வேலை இல்லாத வீடுகளுக்குக் காய் போகும். யாருக்குப் போகிறது என்பது கணக்கெழுதுகிற இருவருக்கு மட்டும் தெரிந்தால் போதும். அவர்களும் மற்றவர்களைப் போலவே வரிசையில் நின்று, எடை போட்டு, பையில் வாங்கிப் போவார்கள். தானம் கொடுப்பதுபோல் போட்டோ எடுப்பது, பெயர் சொல்லிக் கூப்பிடுவது எதுவும் வேண்டவே வேண்டாம்.

மிஞ்சுகிற காய்க்கும் வழி யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். சத்துணவு மையத்தில் காய் உள்ளூரில்தான் வாங்குகிறார்கள், அமைப்பாளரிடம் பேசினால் நம் விவசாயிகளிடமிருந்தே வாரம் இரண்டு நாள் வாங்க வைக்கலாம். அங்கேயும் அதே பிள்ளைகள்தான் சாப்பிடுகிறார்கள்.

கேட்டு வாங்க வேண்டியவை

நாமே எல்லாவற்றையும் செய்துகொண்டிருக்கக் கூடாது. வாரம் 4 கிலோ காய் நம் முயற்சியில் வரும், மீதி 7 கிலோவுக்கு அரசு ஏற்பாடுகள் நம் பக்கம் திரும்ப வேண்டும். உழவர் சந்தை அதற்காகத்தான் வந்தது. 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணாநகரில் முதல் சந்தை திறந்தார்கள். கடைக்கு வாடகை இல்லை, தராசு அவர்களே தருவார்கள், இடைத்தரகர் உள்ளே வரக் கூடாது. உங்கள் விவசாயிகளில் யாரிடமாவது அடையாள அட்டை இல்லையென்றால் வாங்க உதவுங்கள். சிட்டா, அடங்கல் என்ற நில ஆவணங்கள் சொந்தப் பெயரில் இல்லாத குத்தகை விவசாயிதான் இதில் மாட்டிக்கொள்வார், அவரோடு கிராம நிர்வாக அலுவலரிடம் நாலு பேர் சேர்ந்து போனால் வேலை நடக்கும், தனியாகப் போனால் நாளை வா என்பார்கள். சந்தை பெரும்பாலும் காலையில்தான் நடக்கிறது, கூலிக்குப் போகிறவர் அப்போது காட்டில் இருப்பார். மாலையிலும் நடத்தச் சொல்லிக் கையெழுத்து வாங்கி வேளாண் வணிகத் துறைக்குக் கொடுங்கள்.

கிராம சபையை விட்டுவிடாதீர்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு முறை. பொதுவாக ஆரோக்கியமான உணவு வேண்டும் என்று தீர்மானம் போட்டால் அது தாளில் தூங்கும். இந்த சர்வே எண்ணில் இருக்கிற பஞ்சாயத்துப் புறம்போக்கு 20 சென்டை இந்த மகளிர் குழுவுக்குக் கீரை போட மூன்று வருஷம் கொடுக்க வேண்டும், தண்ணீர் இந்தத் தொட்டியிலிருந்து விட வேண்டும் என்று எழுதுங்கள். அங்கன்வாடிச் சுற்றுச்சுவர் ஓரமாக நாலு முருங்கை, இரண்டு பப்பாளி, ஓர் அகத்தி வேண்டும், ஆடு மேயாமல் இருக்க வேலி வேண்டும் என்று எழுதுங்கள். மனுவை நாலு நாள் முன்னாலேயே கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள். கூட்டத்தில் வாசித்தபிறகு தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்துவிட்டு எழுந்திருங்கள். பின்னால் நகல் தரவில்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு கேட்கலாம். ஆள் வராமல் கூட்டம் செல்லாமல் போகிற ஊர்களும் உண்டு. 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சியில் 100 பேர் வந்தாக வேண்டும், ஆகவே அந்த வாரம் சனிக்கிழமை எடை போடும்போதே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். நகர்ப்புறத்தில் இதற்குப் பதில் பகுதி சபை இருக்கிறது.

ரேஷனில் சிறுதானியம் வேண்டும் என்றும் கேட்கலாம். நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் 2023லிருந்து 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கிறார்கள். அங்கே முடிந்தது என்றால் கம்பும் சோளமும் விளைகிற மற்ற மாவட்டங்களில் ஏன் முடியாது என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. தெலங்கானாவில் ஜஹீராபாத் பக்கம் தலித் பெண்களின் சங்கங்கள் 1990களிலேயே தரிசு நிலத்தைத் திருத்தி, சோளம் விளைவித்து, ஊரில் இல்லாதவர்களுக்குத் தாங்களே பங்கிட்டுக் கொடுத்திருக்கிறார்கள். டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டி என்ற அமைப்போடு சேர்ந்து செய்தது அது. யார் ஏழை என்பதை அதிகாரி முடிவு செய்யவில்லை, ஊரே உட்கார்ந்து முடிவு செய்தது. கேரளாவில் குடும்பஸ்ரீ பெண்கள் குழுவாக நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் காய்கறி போடுகிறார்கள். நிலம் இல்லாதவர்களும் விளைவிக்க முடியும் என்பதற்கு இரண்டும் நல்ல உதாரணம்.

வீட்டில் கொஞ்சம் இடம் இருந்தால் முருங்கையிலிருந்து ஆரம்பியுங்கள். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலிருந்து வந்த பி.கே.எம்.1 விதை போட்டால் ஆறேழு மாதத்தில் காய்க்கும், கீரைக்கு மட்டும் என்றால் அதற்கு முன்னாலேயே ஒடித்துக்கொள்ளலாம். போத்து, அதாவது வெட்டிய கிளைத்துண்டு, நட்டாலும் சரி. சிறுகீரையும் முளைக்கீரையும் 25 நாளில் வந்துவிடும், அரைக்கீரை கிள்ளக் கிள்ளத் துளிர்க்கும். பாத்திரம் கழுவுகிற தண்ணீரை வாழைக்கும் சேம்புக்கும் திருப்பிவிடுங்கள். சனிக்கிழமைக் காய் புதன்கிழமை தீர்ந்துபோனால், வெள்ளிக்கிழமை வரை அந்த வீட்டைக் காப்பாற்றுவது இந்த முருங்கைதான்.

எப்போது ஆரம்பிப்பது

ஆடிப் பட்டத்துக்கு விதைக்கிறார் என்றால் ஆனியிலேயே விவசாயியிடம் போய்விட வேண்டும். எத்தனை வீடு, வாரம் எத்தனை கிலோ, என்ன காய் என்று எழுதிக்கொண்டு போனால் அதற்கேற்ற மாதிரி நாலு வரிசை கொத்தவரை, இரண்டு கொடி பீர்க்கு என்று சேர்த்துப் போடுவார். விதைத்தபிறகு போனால் அவரிடம் இருப்பதைத்தான் நாம் வாங்க முடியும், ஆறு வாரம் வெண்டைக்காயே வரும், மக்கள் சலித்துவிடுவார்கள். தைப் பட்டத்துக்கு மார்கழியில் போங்கள். வீடு வீடாகப் பேசி முடிக்க மூன்று வாரம் ஆகும், ஆகவே வைகாசி கடைசியில் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு, கூலிக்காரர்கள் வீடு திரும்புகிற மாலை நேரமாகப் பார்த்து முதல் வீட்டுக் கதவைத் தட்டலாம்.